விடையை மட்டும் சொன்ன புத்தகத்துக்கு

அன்புள்ள இரோடோவ்,

மாஸ்கோவின் மிர் பதிப்பகம் அச்சிட்ட உன்னை, லஸ் நடைபாதையில் பழைய புத்தகமாகத்தான் வாங்கினேன். எழுதிய பேராசிரியரின் பெயரே உனக்கும் பெயராகிவிட்டது. பிளஸ் டூ இயற்பியலுக்கு நீ தேவையே இல்லை. அப்போது 200 மதிப்பெண், அதில் செய்முறைக்கு 50. பாடப்புத்தகத்தின் பயிற்சிக் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் சென்டம் வாங்கிவிடலாம். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு என்ற ஆசை வந்தவர்கள்தான் உன்னிடம் மாட்டினோம்.

இரோடோவ், நீ வழியைச் சொல்லாமல் விட்டாயே, அதற்குத்தான் முதல் நன்றி. 1,800 கணக்குகளுக்கு மேல் கொடுத்துவிட்டு, கடைசியில் விடையை மட்டும் போட்டாய். சிலவற்றுக்குப் போனால் போகிறதென்று ஒரு குறிப்பு. தனியாக மல்லுக்கட்டிச் சலித்தவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு இன்னொருவன் வீட்டுக்குப் போகத்தானே வேண்டும்? வீட்டில் ‘கம்பைன்ட் ஸ்டடி’ என்று சொன்னோம். அரட்டை என்றே பெரியவர்கள் நினைத்தார்கள். அதுவும் பாதி உண்மைதான்.

இரோடோவ், உன் முதல் கணக்குக்கே தனியாக ஒரு நன்றி. ஆற்றோட்டத்தோடு போகும் மோட்டார் படகு ஒரு தெப்பத்தைத் தாண்டுகிறது. 60 நிமிடம் கழித்துத் திரும்புகிறது. தாண்டிய இடத்திலிருந்து 6 கி.மீ. தள்ளி அதே தெப்பத்தை மறுபடி கடக்கிறது. ஆற்றின் வேகம் என்ன? படகுக்கு ஒரு வேகம், ஆற்றுக்கு ஒரு வேகம் என்று நான் பக்கம் பக்கமாகச் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். மாட வீதி நண்பன் எட்டிப் பார்த்தான். “கரையில ஏன்டா நிக்கற? கபாலி கோயில் தெப்பத்துல ஏறி உக்காந்து பாரு.” ஏறி உட்கார்ந்தேன். தெப்பத்தில் இருப்பவனுக்கு ஆறு ஓடுவதே தெரியாது. படகு ஒரு மணி நேரம் விலகிப் போகிறது, அதே வேகத்தில் ஒரு மணி நேரம் திரும்பி வருகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் தெப்பம் நகர்ந்தது 6 கி.மீ. அப்படியென்றால் ஆற்றின் வேகம் மணிக்கு 3 கி.மீ. அவ்வளவுதான்!

இரோடோவ், 1.12-ஆம் கணக்குக்காக எங்களை நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கவும் வைத்தாய். சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளில் மூன்று பேர். ஒவ்வொருவனும் அடுத்தவனையே குறிவைத்து ஒரே வேகத்தில் போக வேண்டும். நடைப்பயிற்சி மாமாக்கள் முறைத்தார்கள். சுற்றிச் சுற்றி நடுவில் முட்டிக்கொண்டபோதுதான் பிடிபட்டது: முக்கோணம் திரும்பிக்கொண்டே சுருங்குகிறது, கோணம் மாறுவதில்லை. பக்கம் குறைவது எங்கள் நடைவேகத்தைப் போல் ஒன்றரை மடங்கு.

இரோடோவ், தமிழ் வழியில் படித்த ஒருத்தியை எங்கள் கூட்டத்துக்கு அழைத்துவந்ததும் நீதான். உன் ஆங்கிலத்தை நாங்கள் வாசித்துச் சொல்வோம், படம் போடுவது அவள். கம்பியாலான கனசதுரச் சட்டம், எல்லா விளிம்புக்கும் ஒரே தடை, எதிர் மூலைகளுக்கு இடையே எவ்வளவு என்று கேட்டாயே! நாங்கள் கிர்க்காஃப் விதிகளோடு மாரடித்துக்கொண்டிருந்தபோது, அவள் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவிக் கனசதுரம் கட்டி, ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். மின்னோட்டம் மூன்றாகப் பிரிகிறது, ஆறாகப் பிரிகிறது, மறுபடி மூன்றாகிறது. மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று, மூன்றில் ஒன்று. ஆக, ஒரு விளிம்பின் தடையில் ஆறில் ஐந்து பங்கு. தி. நகர் மாசிலாமணி தெரு பிரில்லியன்ட் டுட்டோரியல்ஸின் அஞ்சல் பாடம் எங்களில் ஒருவனுக்கு வந்துகொண்டிருந்தது. அதை ஜெராக்ஸ் எடுத்து அவளுக்கும் கொடுத்தோம். (நியாயமா என்று கேட்காதே.)

இரோடோவ், உன் இந்தியப் பதிப்பு ஒன்றை அண்மையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்த்தேன். உன் கணக்குகளுக்கெல்லாம் இப்போது செல்போனிலேயே தீர்வு கிடைக்கிறது. உன்னை வைத்திருந்த பெண்ணின் மேஜையிலும் செல்போன் இருந்தது. ஆனாலும் அவள் நோட்டைப் பக்கத்து நாற்காலிக்காரியிடம் நகர்த்தினாள். கிசுகிசுப்பு சண்டையாக மாறும் நேரம் வந்ததும், இருவரும் உன்னைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போனார்கள்.

என்றும் கடன்பட்ட,
உன் மயிலாப்பூர் வாசகன்