கைக்கு வந்த குக்ரி

புதிய கருவியொன்றைக் கண்டு மனம் துள்ளுவது பிள்ளைத்தனம் என்பார் உளர். ஆயின் கல்லைத் தட்டிக் கூர்மை செய்த நாள் முதலாக அந்தப் பிள்ளைத்தனம் மனிதனை விட்டு நீங்கியதில்லை. புத்தகக் கடையில் கால் கடுக்க நிற்பவரை அறிஞர் என்கிறோம். இரும்புக் கடையில் நிற்பவரை வேலையற்றவர் என்கிறோம். நான் இரண்டாம் வகையினன் என்பதைச் சென்ற ஆண்டு டேராடூன் கடைத்தெருவில் அறிந்துகொண்டேன். அன்று நான் வாங்கி வந்தது ஒரு குக்ரி.

குக்ரி, நேபாள மலைமக்களின் கத்தி. நம்மூர் அரிவாளுக்கு அது தூரத்து உறவு. இரண்டிற்கும் கூர்வாய் வளைவின் உட்புறத்தில்தான் இருக்கிறது. அரிவாளின் வளைவு நுனியில் பறவை மூக்காய் மடங்குகிறது; குக்ரியோ நடுவில் முழங்கை போல் மடங்கி, பின் வயிறு பெருத்து, நுனியில் குறுகுகிறது. பாரம் முழுவதும் முன்புறம் நிற்பதால் ஓங்குவது மட்டுமே நம் வேலை. வெட்டுவதைக் கத்தி பார்த்துக்கொள்ளும். மரத்தாலாகித் தோல் போர்த்திய அதன் உறைக்குள் இரண்டு சிறு கத்திகளும் துணைக்கு இருக்கும். கூர்மையானது கர்தா, சீவுவதற்கும் தோலுரிப்பதற்கும் உரியது. கூரில்லாதது சக்மக், பெரிய கத்தியின் வாயைத் தீட்டவும், கல்லில் மோதி நெருப்புப் பொறி எழுப்பவும் உதவுவது. ஒரே உறைக்குள் கோடரி, கத்தி, சாணை, தீப்பெட்டி ஆகிய நான்கும் அடங்கிவிட்டன! இதைக் கண்டு வியவாதிருப்பது எங்ஙனம்?

அது பிறக்கும் விதம் இன்னும் வியப்பிற்குரியது. பழைய லாரிகளின் வில்பட்டைகளை உடைத்து, உலையிலிட்டு, அடித்து உருவாக்குவது இன்றைய வழக்கம். சிவக்கக் காய்ந்த அலகின் வாய்ப்புறத்தில் மட்டும் மூக்குள்ள பாத்திரத்தினின்று நீரை ஒழுகவிடுவார் கொல்லர். நீர் பட்ட வாய் கடினமாகிறது. படாத முதுகு இளக்கமாகவே நிற்கிறது. ஆகவே வாய் எளிதில் மழுங்காது; முதுகு எளிதில் ஒடியாது. நம் கிராமத்துக் கெண்டியை ஒத்த ஒரு பாத்திரம் எஃகின் குணத்தை இரண்டாகப் பகுக்கிறது!

இத்திறம் படைத்தோரை அவர்கள் நாடு எவ்வாறு நடத்தியது என்பதையும் சொல்லியாக வேண்டும். குக்ரி செய்யும் காமி என்னும் கொல்லர் குலத்தார் நேபாளத்தில் தீண்டத்தகாதவராய் ஒதுக்கப்பட்டவர்கள். 1963-இல் வந்த புதிய சட்டத் தொகுப்பு அவ்வேறுபாட்டிற்குச் சட்டம் அளித்துவந்த ஆதரவை நீக்கிற்று. மனங்களினின்று அது முற்றும் நீங்கிவிடவில்லை. கத்தியை இடுப்பில் வைத்துப் போற்றிவிட்டுச் செய்தவனை வாசலில் நிறுத்திய கதை நமக்கும் புதிதன்று.

குக்ரியை வீட்டிற்குக் கொண்டுவந்தபோது என் மனைவி ஒரு கேள்விதான் கேட்டாள்: "தேங்காய் உடைப்பதற்கே இந்த வீட்டில் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது, இதை யார் எடுக்கப் போகிறார்கள்?" கேள்வி நியாயமானது. நம்மில் பலர் தேர்வெழுதி, பேனாவை நம்பி, வடக்கே வந்தவர்கள். எங்கள் வீட்டுக் கருவிகளில் ஊரிலிருந்து உடன் வந்தது அரிவாள்மணை ஒன்றே. அதுவும் சமையலறையை விட்டு வெளியே வந்ததில்லை. பாளை சீவும் கத்தி, கதிரறுக்கும் பண்ணரிவாள், விறகு பிளக்கும் கோடரி ஆகியவற்றின் பெயர்களை என் மகள் பாடப் புத்தகத்தில்தான் படித்திருக்கிறாள்.

எனக்கு ஆசானாய் வாய்த்தவர் அண்டை வீட்டுக்காரர். கூர்க்காப் படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நான் தாஜு என்பேன். நேபாளியில் அண்ணன் என்று பொருள். உறையின் வாய்ப்பக்கம் விரல் சுற்றிப் பிடித்து உருவலாகாது, கத்தி உறையை அறுத்துக்கொண்டு விரலையும் அறுக்கும் என்பது அவர் தந்த முதற்பாடம். முதுகுப்பக்கம் பிடித்து, அலகின் முதுகு உறையின் முதுகில் உராயுமாறு உருவ வேண்டும். "உருவிய குக்ரி இரத்தம் காணாமல் உறைக்குள் போகாதாமே?" என்று கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "தம்பி, எங்கள் வீட்டில் இதை நாளுக்குப் பத்து முறை உருவுவோம். இதுவரை சிந்தியதெல்லாம் வெங்காயக் கண்ணீர்தான்" என்றார்.

அவர் முன்னோரும் நம்மைப் போல் இவ்வூருக்கு வந்து குடியேறியவர்களே. 1814-இல் டேராடூனுக்கு அருகே நாலாபாணிக் கோட்டையைப் பலபத்ர குன்வரின் தலைமையில் கூர்க்காக்கள் காத்து நின்றனர். தாக்க வந்த ஆங்கிலத் தளபதி கில்லெஸ்பி அங்கே மாண்டார். பின்னர் ஆங்கிலேயர் எழுப்பிய இரு நினைவுத் தூண்களில் ஒன்று தம்மவருக்கு. மற்றொன்று எதிர்த்து நின்ற வீரர்களுக்கு. 1815 முதல் கூர்க்காக்களை ஆங்கிலேயர் தம் படையிலேயே சேர்த்தனர். அப்படையினரின் குடும்பங்கள் பல இப்பள்ளத்தாக்கில் தங்கிவிட்டன. அவர்கள் தம் கருவியை வெளியே கொணர்ந்து இவ்வூர்க் காட்டோடும் விறகோடும் பழகவிட்டார்கள். நாமோ நம்முடையதைச் சமையலறையிலேயே வைத்துக்கொண்டோம்.

சென்ற நவம்பரில் தாஜுவுடன் எங்கள் இரண்டு மூன்று குடும்பங்கள் நாக் டிப்பா மலைக்குச் சென்றன. அதன் உயரம் 3,022 மீட்டர். மாலையில் எதிர்பாராத மழை. கூடாரமடித்த இடத்தில் இருந்த விறகெல்லாம் நனைந்துவிட்டது. உடன் வந்த அன்பர் ஒருவரின் சிறுவன் நனைந்து, உதடு நீலம் பாரித்து நடுங்கத் தொடங்கினான். மாற்றுடை அணிவித்தும் நடுக்கம் நிற்கவில்லை. தீக்குச்சிகள் இருந்தன, பற்ற வைக்க ஒன்றுமில்லை.

தாஜு, விழுந்து காய்ந்திருந்த தேவதாருக் கிளையொன்றை எடுத்துவரச் செய்தார். என் குக்ரியின் வாயைக் கட்டையின் தலையில் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டச் சொன்னார். நான்கு தட்டில் கட்டை பிளந்தது. வெளியே ஈரம், உள்ளே உலர்ந்த, மணக்கும் மரம்! அந்த உள்மரத்தைக் குச்சிகளாகப் பிளந்து கொடுத்தேன். என் மகளிடம் கர்தாவைத் தந்து, குச்சியின் பக்கங்களைச் சுருள் சுருளாகச் சீவச் சொன்னார். சுருள்கள் அறுந்து விழாமல் குச்சியிலேயே நிற்க வேண்டும். முதற்குச்சியும் இரண்டாவதும் கெட்டன. மூன்றாவது, இறகு விரித்த சிறு பறவையைப் போல் அவள் கையில் நின்றது. சக்மக்கால் பொறி எழுப்பலாமா என்று நான் ஆவலோடு கேட்க, "பிள்ளை நடுங்கும்போது வித்தை எதற்கு? தீக்குச்சியைக் கிழி" என்றார் தாஜு. ஒரே குச்சியில் சுருள் பற்றியது. கால் மணி நேரத்தில் சிறுவன் தேநீர்க் குவளையைக் கையில் பிடித்துச் சிரித்தான். நெருப்புக்குக் காவலாய் என் மகள் நெடுநேரம் அமர்ந்திருந்தாள். புறப்படுமுன் சாம்பல் மீது நீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பார்த்து அணைந்ததை உறுதி செய்தவளும் அவளே.

ஈரக் கட்டைக்குள் உலர்ந்த நெஞ்சிருக்கும் என்பதை நான் படித்ததில்லை என்று சொல்ல முடியாது. ஆயின் படித்தறிவது வேறு, பிளந்தறிவது வேறு. ஓரூரில் இருபது ஆண்டுகள் வாடகையும் வரியும் செலுத்தி வாழ்ந்துவிடலாம். அவ்வூரின் மரம் எவ்வாறு பிளக்கும், மழை எத்திசையில் வரும் என்பதெல்லாம் கைக்குத் தெரியாதவரை நாம் அங்கே விருந்தினர்தாம். மொழியைக் கற்பது ஊருக்குள் நுழையும் ஒரு வாயில். கருவியைக் கற்பது மற்றொன்று.

வாங்க விழையும் அன்பர்களுக்கு ஒரு சொல். 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ உடைய குக்ரியை நம் நாட்டுப் படைக்கல விதிகள் ஆயுதமாகவே எண்ணுகின்றன. வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் ஆனவற்றிற்கே விலக்குண்டு. என்னுடையது அவ்வளவிற்குள் அடங்கியது. பளபளக்கும் பித்தளைச் சிங்கத்தலைப் பிடி கண்ணுக்கு விருந்து. எளிய மரப்பிடியே கைக்கு உறவு. வேலை முடிந்தபின் துடைத்து, எண்ணெய் பூசி வைத்தால் பேரன் காலம் வரை உழைக்கும்.

அன்று கேள்வி கேட்ட என் மனைவி, இப்போது பலாக்காய் வாங்கிவரும் நாட்களில் குக்ரி எங்கே என்று கேட்கிறாள். நவராத்திரியின் ஒன்பதாம் நாள் நாம் ஆயுத பூசை செய்கிறோம். அதே நாளில் நேபாளியரும் தம் தசைன் விழாவில் கருவிகளை வணங்குகின்றனர். எங்கள் வீட்டில் அந்நாளில் நெடுங்காலமாகப் புத்தகங்களும் பேனாக்களும் மட்டுமே சந்தனம் பெற்று வந்தன. இவ்வாண்டு அவற்றருகே அரிவாள்மணையையும், அதனருகே குக்ரியையும் வைத்துப் பொட்டிட்டவள் என் மகள். பொட்டிடுமுன் தாஜு சொன்னபடி அதன் வாயைச் சக்மக்கால் இரு முறை தீட்டிக்கொண்டாள். அந்த ஓசையைக் கேட்டுப் பக்கத்து வீட்டு முற்றத்திலிருந்து தாஜு தலையசைத்தார்.