இன்ஜின் பெரிசு, பிரேக் பழசு!

லீவில் தென்காசியில் ஒரு பட்டறையில், பழைய மாருதி ஜிப்ஸியின் 970 சி.சி. இன்ஜினை இறக்கிவிட்டு 1298 சி.சி. இன்ஜினை ஏற்றினோம். 1996-ல் கம்பெனியே 'ஜிப்ஸி கிங்'கில் செய்த மாற்றம்தான்.

குற்றாலம் ஐந்தருவி ஏற்றத்தில் வண்டி பறந்தது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை! அண்ணாச்சி கியரைக் குறைத்து, எப்படியோ ஓரங்கட்டினார்.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்கவேண்டிய சூடு நான்கு மடங்கு. வகுப்பில் படித்ததுதான். லைனிங் தேய்ந்திருந்ததை முதல்நாளே பார்த்தேன். "நாலெழுத்து படிச்ச திமிரு" என்பாரோ என்று வாய் திறக்கவில்லை.

உண்மையைச் சொன்னேன். "ஏலே, இதுக்குத்தானல உங்கப்பன் ஒன்னைப் படிக்க வச்சான்?" என்றார் அண்ணாச்சி.

நண்பர்களே, படித்ததைப் பரீட்சைத் தாளில் மட்டும் எழுதாதீர்கள். பட்டறையிலும் வாய்திறந்து சொல்லுங்கள்!