பாப்பா கையை நீவ வேண்டாம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதமும் படமும் வந்தன. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் பாப்பாவின் வலது கை பாதி மடங்கியபடியே நிற்கிறதென்று பதறியிருக்கிறாய். நாலு வாரம் கட்டுக்குள் கிடந்த முழங்கை அப்படித்தான் நிற்கும். எலும்பு கூடிவிட்டது, கம்பியையும் எடுத்தாயிற்று என்று டாக்டர் சொல்லிவிட்டாரே, அது போதும்.

என் கவலை வேறு. அத்தை எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறார்கள், தெருக்கோடி வைத்தியர் வந்து நீவி விடப்போகிறார் என்று எழுதியிருக்கிறாயே, அது வேண்டவே வேண்டாம்.

பாப்பாவுக்கு முறிந்தது முழங்கைக்குச் சற்று மேலே, புய எலும்பு தட்டையாகி மெலியும் இடம். கையை ஊன்றி விழுகிற 5, 6 வயதுப் பிள்ளைகளுக்கு அடிக்கடி முறிவது அங்கேதான். அதற்கு நேர் முன்னால், எலும்பை ஒட்டியே, கையை மடக்கும் தசை ஒன்று இருக்கிறது. அடிபட்டபோது அதுவும் கிழிந்து ரத்தம் கட்டியிருக்கும். அதை அழுத்தி நீவி, கையை இழுத்து நிமிர்த்தினால், தசைக்குள்ளேயே புது எலும்பு வளர்ந்துவிடக்கூடும். அப்புறம் கை மடங்கவும் மடங்காது, நீளவும் நீளாது. அப்படி இறுகிப்போன கைகளோடு எங்கள் பிசியோதெரபி அறைக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். அந்த எண்ணெயை அத்தை தன் கால்வலிக்குத் தேய்த்துக்கொள்ளட்டும், வீணாக வேண்டாம்.

பாப்பா தானாக அசைப்பதுதான் மருந்து. சோற்றைப் பிசைந்து தானே சாப்பிடட்டும். முழங்கை நன்றாக மடங்கினால்தான் கை வாய்க்கு எட்டும். குளிக்கும்போது சின்னச் செம்பால் தானே மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, உள்ளங்கையில் நாலு கடலையை வாங்கவும் கவிழ்த்துக் கொட்டவும் சொல். கவிழ்க்கும்போது முன்கையின் கட்டைவிரல் பக்கத்து எலும்பு மற்றதன் குறுக்கே புரள்வதை, நீ தொட்டே பார்க்கலாம். வலித்தால் அவளே நிறுத்திக்கொள்வாள், நீ பிடித்து வளைக்காதே. பெரும்பாலும் மடங்குவது முதலில் வரும்; முழுசாக நீள மாதக்கணக்கில் ஆகலாம்.

ஊஞ்சலும் புத்தகப் பையும் டாக்டர் சொல்கிறவரை கூடாது. வீக்கமோ சூடோ கண்டாலும், சுண்டுவிரல் மரத்தாலும், இன்று மடங்குகிற அளவு அடுத்த வாரம் குறைந்தாலும் உடனே அவரிடம் காட்டு.

அத்தையிடம் சொல்ல உனக்குத் தயக்கமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நானே போனில் பேசுகிறேன். அதுவரை அந்த வைத்தியரை வரச் சொல்லாதே.

அன்புடன்,
அக்கா