கப்பலுக்கு எந்த ஊர்க் கரண்ட்?

மலர்க்குழுவில் இருக்கும் நம் நண்பர்கள் "ஏதாவது எழுதிக் கொடுடா" என்று ஒரு வாரமாக விரட்டினார்கள். எனக்குக் கவிதை வராது. எனவே, மூன்றாம் ஆண்டு இ.இ.இ. படிக்கும் என்னை, ஐந்தாம் வகுப்பு படித்த என் தாத்தா மடக்கிய கதையை எழுதுகிறேன்.

இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்குத் தூத்துக்குடி போய்விட்டு ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது இரவு மணி பதினொன்று. மறுநாள் காலை திண்ணையில் உட்கார்ந்து பீற்றிக்கொண்டேன். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் தரையிலும் கூரையிலும் சூரியத் தகடுகள். 2025 செப்டம்பரில் கூரைத் தகடுகள் மட்டுமே 1.04 மெகாவாட்டை எட்டிவிட்டன. தண்ணீரைப் பிரித்து மணிக்கு 10 கனமீட்டர் ஹைட்ரஜன் எடுத்து, துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்கை எரிக்கிறார்கள். பெரிய துறைமுகங்கள் 2030க்குள் தம் மின்சாரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் இப்படிப்பட்டதாக மாற்ற வேண்டும் என்று 2023 மே மாதம் மத்திய அரசின் 'ஹரித் சாகர்' வழிகாட்டுதல் வந்திருக்கிறது. சொந்தத் தகடு போதாவிட்டால் வேறு மாவட்டத்துக் காற்றாலையிலிருந்து விலைக்கு வாங்கலாம். நம் தாராபுரம் ரோட்டுக் காற்றாடியிடம்கூட வாங்கலாம்!

தாத்தா வெற்றிலையை மடித்தபடி கேட்டார். "ஏண்டா, துறைமுகத்துக்குப் பக்கத்துல பெருசா புகைபோக்கி இருக்குமே, அது என்ன?"

அது அனல் மின் நிலையம். 210 மெகாவாட் வீதம் ஐந்து யூனிட்டாகக் கட்டியது. அதற்கு நிலக்கரி இறங்குவதே அந்தத் துறைமுகத்தில்தான்.

"அப்ப கிரேனுக்குப் பக்கத்துல இருக்கிற நிலக்கரி கரண்டு வருமா, இங்கிருந்து உன் காத்தாடி கரண்டு தேடிப் போகுமா? கம்பியில பேரா எழுதியிருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்க்யூட் தியரி அவர் பக்கம்! எலக்ட்ரானுக்கு ஊர் கிடையாது. கிரேன் மோட்டாரைச் சுற்றுவது பெரும்பாலும் பக்கத்து வீட்டு நிலக்கரியாகத்தான் இருக்கும். அப்படியானால் 'பசுமை மின்சாரம்' வெறும் பேப்பர் கணக்கா? அன்று முழுக்க மனசு சரியில்லை. நாளைக்கு இதே துறையில் வேலைக்குப் போகப் போகிறவன், பொய்க்கணக்கையா படித்துக்கொண்டிருக்கிறேன்?

சாயங்காலம் தாத்தாவோடு பால் சொசைட்டிக்குப் போனேன். அங்கே விடை கிடைத்தது. நம் எருமைப் பாலும் அடுத்த தெருப் பாலும் ஒரே கேனில்தான் விழுகிறது. யார் வீட்டுப் பால் யார் டீயில் போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நோட்டில் லிட்டர் ஏறுகிறது. கிரிட்டும் அப்படித்தான். காற்றாலை ஒரு மீட்டர் வழியாக ஊற்றுகிறது. துறைமுகம் இன்னொரு மீட்டர் வழியாக எடுக்கிறது. கம்பிக்கு வாடகை தனி. இதைத்தான் நாம் 'வீலிங்' என்று படித்தோம். முக்கியமானது இதுதான்: கேன் நிரம்பி வழியக்கூடாது. காற்றாலை ஒரு யூனிட் கூடுதலாக ஊற்றினால், எங்கோ ஒரு அனல் நிலையம் ஒரு யூனிட் குறைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் மேலே ஏறிவிடும். கிரேனுக்கு வந்தது நிலக்கரி எலக்ட்ரானாக இருக்கட்டும், கொதிகலனில் கரி மிச்சம்.

தாத்தா ஒப்புக்கொண்டார், பாதி மட்டும். "காலையில ஊத்துன பாலுக்கு எழுது. ஆடி மாசம் ஊத்துனேன்னு மார்கழியில வந்து கேட்டா குடுப்பானா?"

மனுஷன் எங்கே வந்து குத்துகிறார் பாருங்கள்! ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் ஊர்த் தகரத்தையே தூக்கும். மார்கழியில் காற்றாடி சும்மா நிற்கும். துறைமுகத்துக்கோ பன்னிரண்டு மாசமும், ராத்திரியும் வேலை. ஆடி மின்சாரத்தை மார்கழிக் கணக்கில் எழுதும் 'பேங்கிங்' வசதி நம் மாநிலத்தில் காற்றாலைகளுக்கு வெகுகாலம் இருந்து வந்திருக்கிறது. ஆண்டுக் கணக்கு நேராகும்; ஆனால் மார்கழி இரவில் எரிந்தது நிலக்கரி. அந்த மணிநேரத்துக்கு அந்த மணிநேரமே கணக்குப் பார்த்தால் எத்தனை சதவீதம் தேறும்? இதைக் கேட்காமல் யார் '100 சதவீதம்' என்று போர்டு வைத்தாலும் இனி நான் கைதட்ட மாட்டேன்.

தாத்தா விடவில்லை. "சரி, கரையில நிக்கிற கப்பலு?"

அதுதான் பெரிய கேள்வி. துறைமுகத்தின் விளக்கும் ஆபீசும் சுத்தமானாலும், கட்டிப்போட்ட கப்பல் தன் டீசல் ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டுதான் நிற்கும். கரையிலிருந்து கேபிள் கொடுத்து அதை அணைக்கலாம். ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 2000-லேயே சரக்குக் கப்பல்களுக்கு ஹை வோல்டேஜில் கொடுத்தார்கள். ஆனால் கப்பல்களில் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ், நம் கரையில் 50. நடுவில் ஃப்ரீக்வென்சி கன்வெர்ட்டர் வேண்டும்.

இந்த வருடம் எங்கள் புராஜெக்ட் அதுதான். பத்துத் துருவ சிங்க்ரனஸ் மோட்டாரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 600 ஆர்.பி.எம். அதே ஷாஃப்டில் பன்னிரண்டு துருவ ஆல்டர்னேட்டரை மாட்டினால் சரியாக 60 ஹெர்ட்ஸ். கணக்கு சுலபம். எங்கள் லேபில் இருப்பதெல்லாம் நாலு துருவ மெஷின்கள்தான். பழைய பன்னிரண்டு துருவ மெஷின் எந்தக் கடையிலாவது கண்ணில் பட்டால், ஜூனியர் நண்பர்களே, உடனே வந்து சொல்லுங்கள். டீ என் செலவு.