தாத்தா முகத்தில் விழுந்த நிழல்

ஒருவர் இறந்து, படம் மாட்ட வேண்டும் என்று வரும்போதுதான் வீட்டில் அவருடைய நல்ல படம் ஒன்று கூட இல்லை என்பது தெரியவரும். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்து வீடு ஒன்றில் அப்படித்தான் ஆயிற்று. தேடியதில் தாத்தாவின் படம் ஒன்றே ஒன்று கிடைத்தது. கல்லூரியில் படிக்கும் பேரன், கோயில் திருவிழா அன்று செல்போனில் எடுத்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குள் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்பதால் வேலை பேரன் தலையில் விழுந்தது.

உச்சி வெயிலில் எடுத்த படம் அது. தாத்தா முண்டாசு கட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் தடியின் மேல் வைத்துத் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். சூரியன் தலைக்கு மேலே நிற்கும்போது புருவ எலும்பு கண்ணுக்குக் கூரை போட்டதுபோல் ஆகிவிடும். கண்குழி இருண்டுவிடும். மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும். போதாததற்கு முண்டாசின் நிழல் வேறு. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கரிய குழிகள்தான் தெரிந்தன.

இதற்கென்றே போட்டோஷாப்பில் ‘ஷேடோ/ஹைலைட்’ என்று ஒரு வசதி உண்டு. 2003-ல் வந்த சிஎஸ் பதிப்பில் அறிமுகமானது. இலவச மென்பொருளான கிம்ப்பிலும் 2018-ல் வந்த 2.10 பதிப்பில் இதுபோன்ற வசதி சேர்ந்தது. படத்தின் இருண்ட பகுதிகளுக்கு மட்டும் வெளிச்சம் கூட்டும். பேரன் அதைக் கடைசிவரை இழுத்தான். கண்கள் தெரிந்தன. அவனுக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் கண்ணைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாகப் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள் கிளம்பின. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் இருப்பது 256 படிகள்தான். அடர்ந்த நிழல் முழுவதும் கீழே உள்ள சில படிகளுக்குள் அடங்கிக் கிடக்கும். அதைப் பிடித்து இழுத்தால் கேமராவின் பிசிறும் சேர்ந்து மேலே வரும். பேரன் அந்தப் புள்ளிகளை மங்கலாக்கித் தேய்த்தான். அப்படியே முகம் முழுவதையும் கொஞ்சம் வெளுப்பாக்கினான். ராத்திரி இரண்டு மணிக்குப் படம் பளபளவென்று இருந்தது.

காலையில் அப்பத்தாவிடம் காட்டினான். அவர் வெகுநேரம் பார்த்தார்.

“யாருய்யா இது?”

“தாத்தாதான் அப்பத்தா.”

“உங்க தாத்தா இம்புட்டுச் செவப்பா எப்பய்யா இருந்தாரு? அந்தக் கையப் பாரு. கை அவரு கை. மொகம்தேன் வேற யாரோ.”

பேரனுக்குச் சுருக்கென்றது. அப்பத்தா சொன்னது சரிதான். நேர் வெயிலில் இருந்த கைகளில் அவன் கை வைக்கவில்லை. ஐம்பது வருடம் வயலில் காய்ந்த நிறம் அப்படியே அதில் இருந்தது. நிழலை எடுக்கப் போனவன் தாத்தாவின் கருப்பையும் சேர்த்து எடுத்துவிட்டான்.

அன்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். படத்தை இன்னொரு லேயராக எடுத்து, அதில் மட்டும் வெளிச்சத்தைக் கூட்டினான். அதை மாஸ்க் போட்டு முழுக்க மறைத்தான். பிறகு மென்மையான பிரஷ்ஷால், பத்து சத அழுத்தத்தில், கண்குழியிலும் நெற்றியிலும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தான். வெட்டவெளி நிழலில் விழுவது வானத்தின் ஒளி என்பதால் நிழல் நீலம் பாய்ந்திருக்கும். அங்கே சிறிது மஞ்சளும் சிவப்பும் சேர்த்தான். முகத்தின் நிறத்தை ஒவ்வொரு முறையும் கையோடு ஒப்பிட்டுப் பார்த்தான். கையை விட வெளுத்தால் உடனே பின்வாங்கினான். மூக்கடி நிழலையும் கன்னத்து மடிப்புகளையும் பாதி விட்டுவைத்தான். அவற்றை முழுக்க எடுத்தால் முகம் தட்டையாகிவிடும்.

நிழல் வெயில் செய்தது, நிறம் மனிதருடையது. மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்குத் தெரிவது இருட்டு மட்டுமே. முகத்தை வெளுத்துக் கொடுப்பதே நல்ல வேலை என்ற எண்ணம் நமக்குள் ஊறிக் கிடக்கிறது. கல்யாண ஆல்பம் முதல் செல்போன் செயலி வரை அதுதான் நடக்கிறது. எது நிழல், எது நிறம் என்று பிரித்துச் சொல்ல, அந்த முகத்தோடு வாழ்ந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது படத்தை அப்பத்தா முந்தானையால் ஒருமுறை துடைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. “ஆணி அடிச்சாச்சா?” என்று மட்டும் கேட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் பேரன் அப்பத்தாவைத் தாழ்வாரத்து நிழலில், வெளிச்சம் வரும் வாசலைப் பார்த்து உட்காரவைத்து நிறைய படங்கள் எடுத்தான். அவற்றில் திருத்த எதுவும் இருக்கவில்லை.