வெள்ளைக் கோடு

ஈரோட்டில் வீட்டு அடுப்படியிலேயே லோஷன் செய்து விற்கும் அந்த அம்மாவிடம் யார் எதைக் கேட்டாலும், பேச்சு வெள்ளைக் கோட்டில்தான் போய் நிற்கிறது. கையில் தடவித் தேய்த்தால் தோலில் இறங்காமல், சோப்பு நுரை போல வெளுத்து நிற்குமே, அந்தக் கோடு. அது அவருடைய இரண்டு வருடத்தைத் தின்றது.

முதலில் பழி எண்ணெய் மேல் விழுந்தது. தேங்காயெண்ணெயைக் குறைத்தார், நல்லெண்ணெய்க்கு மாறினார், 100 கிராமுக்கு 20 கிராம் இருந்ததை 12 ஆக்கினார். கோடு போகவில்லை, கூடியது. கோளாறு மெழுகுப் பக்கம் இருந்தது: எமல்சிஃபையிங் வேக்ஸ் 6, கெட்டிக்காக ஸ்டியரிக் ஆசிட் 3. ஆசிட்டை 1 ஆக்கியதும் பாதி மறைந்தது. மீதியில் கொஞ்சம் காற்று. கை பிளெண்டரின் தலை கலவைக்கு மேலே எட்டிப் பார்த்தால் நுரை ஏறிவிடும். கடைசிச் சுவடு 2 கிராம் டைமெத்திகோனுக்குப் பிறகுதான் போயிற்று. அதை ஒளிக்காமல் லேபிளில் எழுதுகிறார். படித்த கையோடு சிலர் பாட்டிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். சிலிகானாம்.

“ரெண்டு பக்கமும் 70 வந்ததும் ஊத்தினேன்” என்பார், கேட்பவருக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில். எண்ணெயும் மெழுகும் ஒரு பாத்திரம், தண்ணீர் இன்னொன்று, 70 என்பது சூடு என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆவியாகிப்போன தண்ணீரை எடை பார்த்து ஈடுகட்டாவிட்டால் லோஷன் இறுகிவிடும் என்பது, துருவிக் கேட்டால்தான் வரும். “இதையுமா சொல்லித் தரோணும்?”

அவரைச் சித்தி என்று அழைக்கும் அக்கா மகள் வேறு கட்சி. கற்றாழைச் சோற்றையும் தேங்காயெண்ணெயையும் மிக்ஸியில் ஓட்டி, ‘இயற்கை’ என்று ஒட்டி விற்கிறாள். பிரிசர்வேட்டிவ் கிடையாது. சில நாளில் தண்ணீர் தனியே நிற்கும். மார்கழியில், 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால், எண்ணெய் உறைந்து கட்டி தட்டும். தேன்மெழுகு சேர்த்துப் பார்த்தாள். கெட்டியானது, தண்ணீர் சேரவில்லை. தேன்மெழுகு வெண்காரத்தோடு கூடினால் பழைய கோல்டு கிரீம். தனியாகப் போட்டால் வெறும் மெழுகு என்று சித்தி அன்றைக்கே சொன்னார். பூஞ்சை பிடித்த பாட்டில் ஒன்றைச் சாட்சிக்கு அலமாரியில் வைத்திருக்கிறார்.

ஆனாலும் அவள் பாட்டில்கள்தான் முதலில் தீர்கின்றன. சித்தியின் புலம்பலில் பொறாமையும் கொஞ்சம் உண்டு.

போன மாதம் சித்தியின் நோட்டைக் கேட்டு வந்தாள். 31 முயற்சிகள்; ஒவ்வொன்றுக்கும் எடை, சூடு, தடவிய கை மறுநாள் எப்படி இருந்தது என்ற குறிப்பு. நடுநடுவே எண்ணெய்க் கறை. சித்தி காபி கொண்டுவருவதற்குள், கடைசிப் பக்கத்தை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு, “போதுங்க சித்தி” என்று நோட்டை மூடியிருந்தாள்.