கடல் கடவாத துப்பாக்கி

பாட்டன் பூட்டன் ஆண்ட பொருளைப் பேணுவது நம்மவர் இயல்பு. பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம் போன்ற குடும்பங்களுக்கோ அவ்வாசை சற்று மிகுதி. ஆயினும் எல்லாப் பொருளும் நம்மோடு பயணம் செய்ய இசைவதில்லை.

தக்கலைக்கு அருகே எங்கள் பூர்வீக இல்லத்தில், குழலின் வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கியொன்று உண்டு. பூட்டனார் காலத்தது. துருவேறிக் குழல் அடைபட்டுப் போயிற்று. பழுது பார்த்தாலும் சுட இயலாத இத்தகைய பழங்கருவிகளுக்கு 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் விலக்களிக்கிறது. ஆதலின் அது வீட்டிலிருக்கத் தடையில்லை.

அமெரிக்காவில் குடியேறிவிட்ட என் தமையனார் அதனை அனுப்புமாறு எழுதினார். ஊரையே கண்டிராத தம் மைந்தனுக்குக் குலப்பெருமையை உணர்த்த வேண்டுமென்பது அவர் விருப்பம். 1898-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கிகளை அந்நாட்டு 1968-ஆம் ஆண்டுச் சட்டம் பழம்பொருளாகக் கருதி விலக்கிவைக்கிறது என்றும் தெரிவித்திருந்தார். திருவனந்தபுரம் ரயில் நிலையத்தில் பார்சல் பதிவதே என் தொழிலாதலால், பொறுப்பு என்னைச் சேர்ந்தது.

ஏற்றுமதி முகவர் ஒருவரை அணுகினேன். மரப்பெட்டி, கப்பற்கூலி, காப்புறுதி, சுங்கத் தரகு என அவர் குறித்துத் தந்த தொகை என் இருமாதச் சம்பளத்தை விஞ்சிற்று. கடன் வாங்கியேனும் அனுப்பலாம்; சட்டத்தை என் செய்வது? நூறாண்டு கடந்த இத்தகைய பொருள், 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி தொல்பொருள். மத்திய அரசும் அதன் அதிகாரம் பெற்ற அமைப்புகளுமன்றித் தனியார் எவரும் அதனை அயல்நாட்டுக்கு அனுப்பலாகாது. மீறினால் ஆறு திங்கள் முதல் மூன்றாண்டு வரை சிறை. நூறாண்டு நிரம்பாத, சுடக்கூடிய துப்பாக்கியோ படைக்கலமாகிவிடும். அதற்கு ஏற்றுமதி உரிமம் வேண்டும். அங்கே விடுதலை அளிக்கும் முதுமையே இங்கே தளையாகிறது!

தமையனார் வருந்தினார், ஒரு மாதம் கடிதமில்லை. எனக்கோ அச்சட்டம் நியாயமெனவே தோன்றிற்று. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரரை மார்த்தாண்டவர்மர் வென்ற மண் இது. அப்போரில் பிடிபட்ட டி லனாய் பின்னர் அவருக்கே படைத்தலைவராகி, உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்ப்பித்தார். அத்தகைய மண்ணின் இரும்பு இம்மண்ணிலேயே இருப்பதன்றோ முறை?

துப்பாக்கியின் நிழற்படங்களையும், பெரியோர் வாய்மொழியாகக் கேட்டவற்றையும் எழுதி அனுப்பினேன். "வருகிற விடுமுறையில் பையனை அழைத்து வருகிறேன்" என்று மறுமொழி வந்தது.

அன்பர்களே! பழம்பொருளை அனுப்ப எண்ணுவோர், முகவரிடம் முன்பணம் கொடுக்குமுன் இந்தியத் தொல்லியல் துறையை வினவுங்கள். பொருள் கடல் கடவாவிடினும், பிள்ளைகள் கடந்து வரலாம்.